ராணியை அதட்டியவள்

சனிக்கிழமை மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு எல்லாம் கெட்டுப்போகத் தொடங்கியது. நிமிடம் வரை சொல்ல முடிவதற்குக் காரணம், அப்போது நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். மகள் வெளியே போயிருக்கும் நாட்களில் எனக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது.

பவித்ரா கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தோழியின் அக்காவுக்குத் திருநாவலூரில் வளைகாப்பு என்று சொல்லிவிட்டுக் காலையில் கிளம்பியிருந்தாள். வளைகாப்புக்குப் போகிறவள் ஏன் பழைய சுடிதாரும் ரப்பர் செருப்புமாகப் போகிறாள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. "வெயில் ஜாஸ்தியா இருக்கும், தண்ணி எடுத்துக்கினியா?" என்று கேட்டு பாட்டிலை நிரப்பிக் கொடுத்து அனுப்பினேன். நான்கு பத்துக்கு அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி வாட்ஸப் ஸ்டேட்டஸில் படம் போட்டாள். மகளின் தோழிகள் எல்லோருடைய எண்களும் என்னிடம் இருக்கின்றன. எப்படி வாங்கினேன் என்று கேட்காதீர்கள். படத்தில் அருவி. அருவிக்கு முன்னால் நனைந்த பெண்கள். ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, ஒரு மஞ்சள் துப்பட்டா. கீழே ‘கரியாலூர் டைம்ஸ்’ என்று எழுதி இரண்டு இதயம். கரியாலூர் எங்களுக்கு மேற்கே மலைமேல் இருக்கிறது.

பெற்றவளுக்குப் பாதித் துப்பட்டா போதும். போன் செய்தேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது.

நான் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. நிகழ்தகவு பாடம் நடத்துவதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. எந்த நிகழ்வுக்கும் நிகழ்தகவு பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் இருக்கும் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறேன். வீட்டுக்கு வந்தால் எனக்கு எல்லாமே ஒன்றுதான். அருவி என்றால் வழுக்கும். வழுக்கினால் பாறை. பாறை என்றால் மண்டை. இந்த மூன்று படிகளையும் கடக்க எனக்கு அரை நொடி ஆனது.

என் கணவரைத் தேடினேன். "வண்டில காத்து எறங்கிட்ச்சு, அடிச்சிகினு வந்துடறேன்" என்று வாசலில் நின்று சொல்லிக்கொண்டே ஓடினார். மத்தியானத்திலிருந்து அந்த டயரில் காற்று இறங்குவது அது மூன்றாவது முறை.

கொஞ்ச நேரத்தில் பூக்காரம்மா வந்தார். முழம் போட்டுக்கொண்டே, "பாப்பா எறங்கிட்ச்சா டீச்சர்? மலையில செம மழயாமே, பஸ்ஸுல பேசிக்கினாங்க" என்றார். நான் நிமிர்ந்து பார்த்ததும் அவர் கை அந்தரத்தில் நின்றது. "ஐயோ, ஒங்களுக்குத் தெரியாதா? நான் ஒண்ணும் சொல்லலம்மா. நான் பூ குடுக்கத்தான் வந்தேன்."

பூக்காரம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. என் கணவருக்குத் தெரிந்திருக்கிறது. என் அக்காவுக்குப் போன் செய்தேன், "அப்படியா! கரியாலூரா! எனக்குத் தெரியாதே!" என்று நான் ஊர்ப் பெயரைச் சொல்வதற்கு முன்பே ஆச்சரியப்பட்டாள். தெரு முழுக்கத் தெரிந்த ஒரு விஷயம் எனக்கு மட்டும் தெரியவில்லை.

அப்போதுதான் டைலர் அக்கா நினைவுக்கு வந்தாள்.

நான் வளர்ந்தது ரிஷிவந்தியத்தில். எங்கள் வீட்டுக்கு எதிரே ஒற்றை அறையில் அவள் கடை. ஜாக்கெட், பாவாடை, பள்ளிக்கூடச் சீருடை. ஊரே டைலர் அக்கா என்றுதான் கூப்பிட்டது. கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படித்தான் எழுதிக் கொடுப்பார்கள். கழுத்தில் அளவு நாடா, காதோரம் சாக்பீஸ் துண்டு, உதட்டு நடுவில் வரிசையாகக் குண்டூசிகள். குண்டூசிகளைக் கடித்துக்கொண்டே அவள் பேசுவாள். பேசாமல் இருப்பது அவளுக்கு முடியாத காரியம். அதிலும் ஒருவருக்குத் தெரிய வேண்டியது அவருக்குத் தெரியாமல் இருப்பதை அவள் வயிறு தாங்காது. "வச்சிக்கினா புளிச்சிடும்டி" என்பாள், என்னவோ மாவைச் சொல்வதுபோல.

தலைமையாசிரியர் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தபோது, "சார், ஒங்க பின்னால புள்ளைங்க ஒங்களுக்கு வெச்சிருக்கிற பேரு இன்னா தெரியுமா?" என்று கேட்டு, சொல்லியும்விட்டாள். என் அம்மாவிடம், "ஒம்பொண்ணு கணக்குல கெட்டி, ஆனா பயந்தாங்கொள்ளி. ஊசியக் கையில எடுத்தா ரத்தம் வந்துட்டாப்பல ஊதுறா" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அம்மா என்னை அங்கே தையல் பழக அனுப்பியிருந்தாள். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. குத்திவிடுமோ என்ற பயத்தில் நான் எந்த ஊசியையும் துணிக்குள் முழுதாக இறக்கவே இல்லை.

அக்காவின் முழு உருவம் தெரிய வேண்டுமென்றால் கூத்தில் பார்க்க வேண்டும்.

எங்கள் ஊரில் சித்திரை கழிந்து ஒரு கூத்து ஆடுவார்கள். மதகுக் கூத்து என்போம். கதை எல்லோருக்கும் மனப்பாடம். பஞ்ச காலத்தில் ராசா பெரிய ஏரியின் மதகை மூடச் சொல்லுகிறான். கீழ்ப்புறத்து சனங்கள் தாகத்தில் சாகிறார்கள். ராசாவின் மகனே மனம் கேட்காமல் போய் மதகைத் திறந்துவிடுகிறான். ராணிக்கு அது தெரியும்; மகனின் ஈர வேட்டியைப் பிழிந்து காயப்போட்டவள் அவள்தான். சொல்லத்தான் ராசாவிடம் வருகிறாள். ராசா அன்றைக்குச் சந்தோஷமாக இருக்கிறான். அந்த முகத்தைக் கெடுப்பானேன், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வெற்றிலை மடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறாள். ராசா சபைக்குப் போகிறான். மதகு திறந்த சேதி வருகிறது. திறந்தவன் எவனானாலும் தலை இருக்காது என்று கற்பூரத்தை ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்கிறான். அதற்கப்புறம் ராணி எப்படிச் சொல்வாள்? மதகுக் காவல்காரனைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். குற்றமில்லாதவன் சாவதைப் பொறுக்காமல் மகனே முன்னால் வந்து நிற்கிறான். பொழுது விடியும்போது ராசா மகனை மடியில் போட்டு அழுவான். கூட்டமும் அழுதுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, விதி என்று சொல்லியபடி டீ குடிக்கப் போகும்.

டைலர் அக்கா போக மாட்டாள். ராணி வெற்றிலை மடிக்கத் தொடங்கும்போதே அவள் எழுந்து நின்றிருப்பாள்.

"வெத்தலைய அப்பறம் மடி! மொதல்ல வாயத் தொற! சொல்லுடி!"

ஒவ்வொரு வருடமும் இது நடக்கும். முதலில் ஆண்கள் அதட்டினார்கள். பிறகு சிரித்தார்கள். பிறகு அதுவும் கூத்தில் ஒரு பகுதியாகிவிட்டது. அக்கா எழுந்திருக்கக் கொஞ்சம் தாமதித்தால் கூட்டம் திரும்பி அவளைத் தேடும். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் ராணி சொல்லவில்லையே, இந்த வருடம் மட்டும் எப்படிச் சொல்லுவாள் என்று அம்மா ஒருமுறை கேட்டதற்கு, "போன வருசம் நீ ரசத்துல உப்பு போட மறந்துட்ட. இந்த வருசமும் மறப்பியா?" என்றாள் அக்கா.

ராணி வேஷம் கட்டுகிறவர் பகலில் கொத்தனார். ராணிக்கு ஜாக்கெட் தைப்பதும் அக்காதான். ஒரு வருடம் கூத்துக்கு முந்தின நாள் அவர் ஜாக்கெட் வாங்க வந்தார். நான் பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா ஜாக்கெட்டை மடித்து மிஷினுக்கு அடியில் வைத்துவிட்டு அதன்மேல் காலை வைத்துக்கொண்டாள்.

"இந்த வருசமாச்சும் சொல்லுவியா, மாட்டியா?"

"இன்னாக்கா இது, சின்னப் புள்ள மாதிரி. ராணி சொல்லிட்டா கத ஏதுக்கா? சீக்கிரமே கூத்து முடிஞ்சிடும். வாத்தியாரு என்ன ஒதைப்பாரு."

"புள்ள தல போவுது. ஒனக்கு வாத்தியாரு ஒதைக்கறது பெருசா பூட்ச்சா?"

"அது விதிக்கா."

"எது விதி? நீ வெத்தல மடிச்சிக்கினு நின்னியே, அதுவா? விதி அதும் பாட்டுக்கு எங்கியோ கெடந்தது. நீதான் வா வான்னு இட்டுகினு வந்த. சொல்றேன்னு சொல்லு, ஜாக்கெட்டக் குடுக்கறேன். இல்லன்னா வெறும் மார்ல ராணி ஆடு, ஊரு பாக்கட்டும்."

கொத்தனார் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கடைசியில் சொல்லுகிறேன் என்று சத்தியம் செய்துவிட்டு ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு போனார்.

அந்த மனிதர் வாக்குத் தவறவில்லை. நடுச்சாமம் தாண்டியிருந்தது. ராணி ராசா முன்னால் வந்து நின்றாள். வெற்றிலைத் தட்டைக் கையில் எடுக்கவில்லை. கூட்டத்தில் அக்காவைத் தேடிப் பார்த்துவிட்டு, பாட்டாக இல்லாமல் வெறும் பேச்சாக, "சாமீ, மதகத் தொறந்தது நம்ம புள்ளதான்" என்று சொல்லிவிட்டாள்.

மத்தளம் நின்றுவிட்டது. ராசா வேஷம் கட்டியிருந்தவர் கூத்து ஜமாவின் வாத்தியார். எத்தனை வருடம் ஆடியவரோ, ஒரு இமை துடிக்கவில்லை. கிரீடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மந்திரி பக்கம் திரும்பினார்.

"அமைச்சரே! அந்தப்புரத்துக் கிளிக்கு இன்று என்ன வந்தது? விடியுமுன்னே கத்துகிறதே! கூண்டுக்குத் துணி போடச் சொல்லும்!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ராசா ஒரு சுற்று சுற்றிச் சபைக்குப் போய்விட்டார். கற்பூரம் எரிந்தது, அணைந்தது. மகன் செத்தான்.

நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அக்கா சிரிக்கவில்லை. நடுக்கூட்டத்தில் நின்றபடியே இருந்தாள், யாரோ இழுத்து உட்கார வைத்தார்கள். மறுநாள் கடையில் மிஷினை மிதிக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு என்னிடம், "அவ சொல்லிட்டாடி. பச்சயா சொல்லிட்டா. அந்தாளு கிளின்னுட்டு போயிட்டான் பாரு" என்றாள்.

இதையெல்லாம் கேட்டால் அவள் நியாயத்தின் அவதாரம் என்று தோன்றும். அப்படி இல்லை. எனக்கு அவளைப் பார்த்தால் பயமும் இருந்தது, ஒரு கல்யாணம் நின்றுபோனதிலிருந்து.

எங்கள் பக்கத்துத் தெருப் பெண். முகூர்த்த ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தவள் கையைத் தூக்கியபடியே அழுதாள். மனதில் வேறொருவன் இருக்கிறான் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். அழுதால் கொஞ்சம் பாரம் குறையும், அவ்வளவுதான் அவள் கேட்டது. அக்கா அன்றைக்கே கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறி மாப்பிள்ளையின் ஊருக்குப் போய் அவனையே பார்த்து, "தம்பி, இந்தப் பொண்ணுக்கு ஒன்ன புடிக்கல. கட்டிக்கினா ரெண்டு பேரும் கஷ்டப்படுவீங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். கல்யாணம் நின்றது. பெண்ணை அப்பன் அடித்த அடி எங்கள் வீட்டுக்குக் கேட்டது. மனதில் இருந்தவனோ ஊரில் இல்லாமல் போனான். பெண்ணைத் திருப்பூருக்கு ஒரு உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஒரு பொங்கலுக்கு அவள் ஊருக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். நேராக டைலர் கடைக்குப் போனாள். உள்ளே போகவில்லை.

"யக்கா, நான் ஒங்ககிட்டதான சொன்னேன்? அவங்ககிட்டயா சொன்னேன்?"

அக்கா உதட்டிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி மெத்தையில் குத்தினாள். பெண் போன பிறகு, "துணிய வெட்டிட்டா ஒட்ட முடியாதுடி. தைக்கதான் முடியும். தச்சா கோடு தெரியும்" என்றாள். என்னிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா, தெரியாது.

அதற்கப்புறம் அவள் திருந்தினாள் என்று எழுத ஆசைதான். திருந்தவில்லை. அடுத்த வாரமே சீட்டு பிடிக்கிறவரிடம் அவர் மச்சினனைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டாள்.

ஊரே அவளிடம் ஒளித்து வைத்தது ஒன்று உண்டு. அவள் புருஷன் லாரி டிரைவர். மலையிலிருந்து மரவள்ளி லோடு இறக்குவார். சாது. மழை, வழி அடைப்பு, லோடு ஏறவில்லை என்று மாதத்தில் பாதி நாள் மலையிலேயே தங்கிவிடுவார். அங்கே அவருக்கு இன்னொரு வீடு இருந்தது. தெருவில் எல்லோருக்கும் தெரியும். என் அம்மாவுக்குத் தெரியும். எனக்கே தெரியும் என்றால் பாருங்கள். எல்லோரிடமும் எல்லாவற்றையும் சொல்லுகிறவளிடம் அதை ஒருவரும் சொல்லவில்லை.

அவர் மாரடைப்பில் போனார். எடுப்பதற்கு முன்னால், தெருமுனையில் பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு பெண் வந்து நின்றாள். கையில் ஒரு பை, கூட ஒரு சிறுமி. பறையடி ஓய்ந்திருந்த சமயம். பெண்களெல்லாம் தரையைப் பார்த்தார்கள். அக்கா எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள். பார்த்த உடனே புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். எழுந்து போய் அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்துவந்து பிணத்துக்கு மறுபக்கம் உட்கார வைத்தாள். சிறுமிக்கு யாரையாவது இட்லி கொடுக்கச் சொன்னாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"அளவு எடுக்கறப்ப கையத் தூக்குன்னா தூக்கினீங்க. திரும்புன்னா திரும்புனீங்க. இத்தினி வருசமா என்னாண்ட வந்துகினு இருக்கிறீங்க. ஒருத்தி வாயத் தொறக்கலயேடி."

"ஒன் நல்லதுக்குத்தான்..." என்றாள் என் அம்மா.

"என் நல்லது இன்னான்னு என்ன கேட்டியா?"

யாரோ ஒரு பெரியவர், "எல்லாம் அவன் விதிம்மா, வுடு" என்றார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் எழுந்து பந்தலுக்கு வெளியே போய்விட்டார்.

அந்த வருடம் அவள் கூத்துக்கு வரமாட்டாள் என்று எதிர்பார்த்தோம். வந்தாள். ராணி வந்தபோது எழவில்லை. ராணி நிம்மதியாக வெற்றிலை மடித்தாள், கூட்டத்துக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ராசா சபையில் கற்பூரத்தை ஏற்றிக் கையை ஓங்கினான். அப்போது எழுந்தாள்.

"கைய எறக்குடா!"

வாத்தியார் ஓங்கிய கையோடு நின்றார். வேஷம் கலையாமல், "தாயே, நாட்டில் நீதி வேண்டாமா?" என்றார்.

"வோணும்டா. யாரு தொறந்தான், எதுக்குத் தொறந்தான்னு கேளு. கேட்டுட்டு அப்பறம் அணை. இப்பவே அணச்சிட்டின்னா அப்பறம் எவன்டா ஒன்னாண்ட வந்து சொல்லுவான்?"

கற்பூரம் பாதி கரைந்துவிட்டது. வாத்தியார் அடித்து அணைத்தார். வேறென்ன செய்வார் பாவம். நான் கல்யாணமாகி கள்ளக்குறிச்சிக்கு வரும்வரை ஒவ்வொரு வருடமும் அக்கா ராசாவைத்தான் அதட்டினாள். ஒரு வருடமும் அவன் கேட்கவில்லை. அவளுக்கு அலுக்கவும் இல்லை.

அவள் இறந்தது எனக்கு வெகு தாமதமாகத்தான் தெரியும். சொன்னால் நான் பயந்துகொள்வேன், ராத்திரி தூங்கமாட்டேன் என்று என் அக்கா மறைத்துவிட்டாள். ரிஷிவந்தியத்தில் ஒரு சாவு நடந்தால்கூட என்னிடம் பக்குவம் பார்த்துத்தான் சொல்லுகிறார்கள்.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். எங்கள் வீட்டு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். இதுவரை சொல்லாததற்குக் காரணம் வெட்கம்தான்.

சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. எங்கோ ஓர் அருவியில் ஒரு மாணவன் வழுக்கி விழுந்த செய்தியைப் படித்துவிட்டு நான் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தேன். பவித்ரா வந்து, "அம்மா, ஒண்ணு சொன்னா கோவப்பட மாட்டியே? எங்க கிளாஸ்ல எல்லாரும் கரியாலூர்..." என்றாள். அவள் வாக்கியத்தை நான் முடிக்க விடவில்லை. எதிரே தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. "இந்த வூட்டுலேர்ந்து யாரு அந்த அருவிக்குப் போனாலும் திரும்பி இந்த வாசப்படி ஏறக்கூடாது. ஏறுனா நான் உசுரோட இருக்க மாட்டேன்" என்று உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். வாத்தியாருக்குப் பழக்கம் உண்டு, எனக்கு இல்லை, கை கொப்பளித்துவிட்டது. பவித்ராதான் மருந்து போட்டுவிட்டாள். என் கணவர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொல்ல வந்தது என்ன, போகட்டுமா என்று கேட்க வந்தாளா, போகவில்லை என்று சொல்ல வந்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மூன்றாம் முறை காற்றடித்துவிட்டு என் கணவர் திரும்பியபோது மணி ஐந்தரையைத் தாண்டியிருந்தது. மேற்கே மலைப்பக்கம் கறுத்துக் கிடந்தது. நான் வாசலில் நின்றேன். அவர் வண்டியை நிறுத்தும் முன்பே என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"எங்க அவ?"

"யாரு?"

"பூக்காரம்மா வரைக்கும் தெரியும். சொல்லுங்க."

அவர் வண்டிமேலேயே உட்கார்ந்தபடி சொன்னார். மத்தியானம் அவள் போன் செய்திருக்கிறாள். பாறையில் வழுக்கி விழுந்திருக்கிறாள். கால் ஊன்ற முடியவில்லை. தோழிகள் தூக்கிவந்து ஒரு வீட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கொண்டை ஊசி வளைவில் மரம் சாய்ந்து பஸ் ஓடவில்லை. இவர் தெரிந்தவர்கள் மூலம் மலையிலேயே ஒரு ஜீப்புக்குச் சொல்லியிருக்கிறார். மரத்தை வெட்டி எடுத்தால்தான் ஜீப் இறங்கும். அதற்கப்புறம் அவள் போனும் அணைந்துவிட்டது. இவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"போன் ஏன் அணஞ்சிது?"

"சார்ஜ் கம்மியா இருந்துதாம். நீ காலையிலேர்ந்து வுடாம அடிச்சிக்கினு இருந்தியாமே."

சாப்பிட்டாயா, பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா, வெயிலில் நிற்காதே, பதில் ஏன் போடவில்லை. எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது.

"மத்தியானமே தெரிஞ்சிருக்குது. என்கிட்ட ஏங்க சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணியிருப்ப?"

நான் வாயைத் திறந்தேன். அலறியிருப்பேன். மயக்கம் போட்டிருப்பேன். ஆஸ்பத்திரிக்கு என்னைத் தூக்கிப்போக ஒருவர், மலைக்கு அவளைப் பார்க்க ஒருவர் என்று ஆள் பிரிந்திருக்கும். அதைத்தான் அவரும் நினைத்திருப்பார். ஆனால் அவர் சொன்னது வேறு.

"நான் ஒன்கிட்ட சொன்னா, அவ போனது ஒனக்குத் தெரிஞ்சிடும். தெரிஞ்சிட்டா அவ வூட்டுக்குள்ள வர முடியாது. தெரியாம இருக்கற வரைக்கும் வரலாம்ல? அதாம்மா நான் பாத்தேன்."

இருபது வருடமாக அவரை அசமந்தம் என்று நினைத்திருந்தேன். மூன்று தடவை தெருவைச் சுற்றி வந்து அவர் இந்த ஓட்டையைக் கண்டுபிடித்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முயன்றால் வேறு சத்தம் வந்தது. அவர் என்னைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

பிறகு காத்திருந்தோம். கால் உடைந்திருக்கும், தலையிலும் அடிபட்டு அதை இவரிடம்கூட மறைத்திருப்பாள், ஜீப் வளைவில் திரும்பும்போது மண் சரியும். என் மனம் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. யார்மேலாவது பழி போட்டால் தேவலை போலிருந்தது. தோழிமேல், கணவர்மேல், மழைமேல், அருவிமேல், என் ராசிமேல். ஒவ்வொருவரையும் நிறுத்தி விசாரித்துப் பார்த்தேன். எல்லோரும் என் பிள்ளைக்கு நல்லதோ, எனக்கு நல்லதோதான் நினைத்திருக்கிறார்கள். மழையும் அருவியும் மட்டும் எதையும் நினைக்கவில்லை. வலது உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

தெருவிளக்கு எரியத் தொடங்கிய பிறகு ஒரு ஜீப் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய், பின்னால் வந்து, கொஞ்சம் தள்ளியே நின்றது. என் கணவர் செருப்பில்லாமல் ஓடினார். எனக்கு எழ வரவில்லை. ஜீப்பிலிருந்து ஐம்பது வயதிருக்கும் ஓர் ஆள் மட்டும் இறங்கினார். தலையில் நனைந்த துண்டு, கால் முழுக்கச் செம்மண். கேட்டைத் திறக்காமல் வெளியிலேயே நின்றுகொண்டார்.

"டீச்சர் வூடு இதாங்களா? பயப்படாதீங்க, பொண்ணுக்கு ஒண்ணும் இல்லீங்க. காலு வீங்கியிருக்குது, கட்டு போட்டு இட்டாந்திருக்கறோம். வண்டியிலதான் ஒக்காந்துகினு இருக்குது. நானும் சொல்லிப் பாத்துட்டேன், எறங்க மாட்டேன்னுது. அது வாசப்படி ஏறுனா அம்மாவுக்கு எதனா ஆயிடும்னு அழுவுது. நான் இன்னாங்க பண்ணட்டும்? எறக்கி வுடட்டுங்களா, இல்ல வேற எங்கனா இட்டுகினு போவட்டுங்களா?"